வேலூரில் வீல்சேர் டென்னிஸ்: விதி முதல் முதல் மேட்ச் வரை

வீல்சேரில் உட்கார்ந்து டென்னிஸ் ஆட முடியுமா என்று இப்போது யாரும் கேட்பதில்லை. பாராலிம்பிக்ஸ் துண்டு வீடியோக்கள் எல்லார் போனிலும் ஓடுகின்றன. எங்கள் வேலூர்ப் பக்கம் கேட்கிற கேள்வி வேறு. "ஆடலாம்ண்ணா, ஆனா கூட ஆட இன்னொரு வீல்சேர் ஆளுக்கு எங்க போறது?"

எங்கேயும் போக வேண்டாம். எதிர்ப்பக்கம் ஆடுகிறவர் நின்று ஆடுகிறவராக இருந்தாலும் ஆட்டத்துக்கு விதியில் இடம் உண்டு. அவருக்கு அவருடைய விதி, உங்களுக்கு உங்களுடைய விதி. பக்கத்து வீட்டுத் தம்பி, காலேஜ் படிக்கிற மச்சான், காலையில் கோர்ட்டுக்கு வருகிற ரிட்டயர்டு சார், யார் வேண்டுமானாலும் உங்கள் எதிராளி ஆகலாம். இதைத் தெரிந்துகொள்ளாமல் "ஆள் சேரட்டும்" என்று காத்திருந்தே வருஷங்களை விட்டவர்கள் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரை அவர்களுக்காக. நானும் சக்கரத்தில் போகிறவன்தான்.

இந்த ஆட்டம் தொடங்கியது 1976இல், அமெரிக்காவில். பனிச்சறுக்கில் அடிபட்டுக் கால்கள் செயலிழந்த பிராட் பார்க்ஸ் என்ற இளைஞர் வீல்சேரில் இருந்தபடி பந்தை அடித்துப் பார்த்தார். 1988 சியோல் பாராலிம்பிக்ஸில் காட்சி ஆட்டமாகவும், 1992 பார்சிலோனாவில் பதக்க ஆட்டமாகவும் அது வந்துவிட்டது. இன்று நான்கு கிராண்ட்ஸ்லாம் போட்டிகளிலும் வீல்சேர் பிரிவு உண்டு. கோர்ட்டோ நெட்டோ பந்தோ மாறவில்லை. நீளம் அதே 23.77 மீட்டர், சிங்கிள்ஸ் அகலம் அதே 8.23 மீட்டர், நெட் நடுவில் அதே 91.4 சென்டிமீட்டர். 15, 30, 40 என்று எண்ணுவதும் அப்படியே. மாறியவை ஒரு கை விரல்களில் அடங்கும்.

மாறிய விதிகள்

முதலாவதும் பெரியதும் இரண்டு பிட்ச். பந்து உங்கள் பக்கம் இரண்டு முறை தரையில் படலாம். மூன்றாவது முறை படுவதற்குள் அடித்துவிட வேண்டும். முதல் பிட்ச் கோட்டுக்குள் விழுந்திருக்க வேண்டும். இரண்டாவது எங்கே வேண்டுமானாலும் விழலாம், கோட்டுக்கு வெளியே, வேலி ஓரம், எங்கேயும். புதிதாக உங்களோடு ஆட வருகிறவர்களுக்கு இந்த இடத்தில்தான் குழப்பம் வரும். பந்து மூலையில் விழுந்து எகிறி, இரண்டாவது பிட்ச் கோட்டுக்கு இரண்டடி வெளியே போனதும் கையைத் தூக்கி "அவுட்" என்பார்கள். பாயிண்ட் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஆட்டம் தொடங்கும் முன்பே இதைச் சொல்லிவிடுங்கள், நடுவில் சண்டை மிச்சம்.

இரண்டு பிட்ச் உங்களுக்குக் கிடைத்த அனுமதி, கட்டளை இல்லை. பந்தை ஒரு பிட்சில் அடிக்கலாம், பிட்சே ஆகாமல் வாலி அடிக்கலாம். தெருக் கிரிக்கெட்டில் "ஒன் பிட்ச் கேட்ச்" வைத்தால் ஆட்டம் ஃபீல்டருக்குச் சுலபமாகிவிடும்; அந்த நினைப்பில் இதையும் சலுகை என்று எடுத்துக்கொள்கிறவர்கள் உண்டு. கோர்ட்டில் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்த்தால் அந்த நினைப்பு போய்விடும். வீல்சேர் பக்கவாட்டில் நகராது. நின்று ஆடுகிறவர் ஒரு எட்டு இடதுபக்கம் தாவுகிற நேரத்தில் நீங்கள் வண்டியைத் திருப்ப வேண்டும், தள்ள வேண்டும், நிறுத்த வேண்டும், அடிக்க வேண்டும். இரண்டாவது பிட்ச் அந்தத் திருப்பத்துக்கான நேரம், அவ்வளவுதான்.

எந்தப் பந்தை எந்தப் பிட்சில் எடுப்பது? கணக்கு இருக்கிறது. போட்டிக்கான பந்தை 254 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்து விட்டால் 135 முதல் 147 சென்டிமீட்டர் வரை எழும்ப வேண்டும் என்பது தர விதி. அதாவது பாதிக்குச் சற்று மேல். ஆட்டத்தில் டாப்ஸ்பின்னோடு, அதாவது முன்னோக்கிச் சுழன்றபடி, உயரமாக வருகிற பந்து முதல் பிட்சில் உட்கார்ந்திருப்பவர் தலைக்கு மேலே போய்விடும். அதைத் துரத்திப் பின்னால் போய் இரண்டாவது பிட்சில் எடுத்தால் இடுப்புக்கும் மார்புக்கும் நடுவில் வசமாக வரும். தட்டையாக, தாழ்வாக வருகிற பந்து நேர் எதிர். முதல் பிட்சிலேயே முழங்கால் உயரம் என்றால் இரண்டாவதில் தரையோடு தரையாகப் போகும். குனிந்து சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். ஆகவே உயரமானதை விட்டுப் பிடிக்கவும், தாழ்ந்ததை முந்திப் பிடிக்கவும் பழகுங்கள். புதியவர்கள் எல்லாப் பந்தையும் இரண்டாவது பிட்சுக்கு விடுவார்கள். அதனால் கோர்ட்டின் கடைக்கோடியிலேயே கிடப்பார்கள், எதிராளிக்குத் திரும்பி வர வேண்டிய நேரம் கிடைத்துவிடும். ஜப்பானின் ஷிங்கோ குனியேடா ஆடிய வீடியோக்களைத் தேடிப் பாருங்கள். முந்திப் போய் ஒரே பிட்சில் பேக்ஹேண்ட் அடிப்பதில் எவ்வளவு நேரத்தை எதிராளியிடமிருந்து பிடுங்குகிறார் என்று தெரியும்.

இரண்டாவது விதி: வீல்சேர் உங்கள் உடம்பு. உடம்பில் பட்டால் என்ன விதியோ, வண்டியில் பட்டாலும் அதுதான். ஆடும்போது பந்து சக்கரத்திலோ பாதம் வைக்கிற ஃபுட்ரெஸ்ட்டிலோ பட்டால் பாயிண்ட் போயிற்று. நெட்டுக்கு ஓடி வந்து நிறுத்த முடியாமல் ஃபுட்ரெஸ்ட் நெட்டைத் தொட்டாலும் போயிற்று. எதிராளி போடும் சர்வ் தரையில் படாமல் நேராக உங்கள் சக்கரத்தில் பட்டால் பாயிண்ட் அவருக்கு. பந்து போகிற பாதையில் வண்டியை நிறுத்தி வைக்காதீர்கள் என்பதுதான் இதன் பாடம்.

மூன்றாவது, பந்தை அடிக்கும் நொடியில் பிட்டத்தில் ஒரு பக்கமாவது சீட்டில் பட்டிருக்க வேண்டும். இடுப்புக்குக் கீழ் உணர்வே இல்லாதவர்களுக்கு இந்த விதி தேவையே படாது, எழும்பவே முடியாது. ஒரு கால் நன்றாக இருக்கிற போலியோக்காரர்களும், முழங்காலுக்குக் கீழே கால் எடுத்தவர்களும்தான் உயரமான பந்தைப் பார்த்ததும் தம்மை அறியாமல் எம்பிவிடுவார்கள். இடுப்பு பெல்ட் போட்டுவிட்டால் பிரச்சினை முடிந்தது.

நான்காவது விதியில்தான் நம் ஊர்க்காரர்கள் அதிகம் மாட்டுகிறார்கள். பந்து ஆட்டத்தில் இருக்கும்போது பாதத்தையோ காலின் எந்தப் பகுதியையோ பிரேக்காகப் பயன்படுத்தக் கூடாது. சர்வ் போடும்போது, அடிக்கும்போது, திரும்பும்போது, நிற்கும்போது தரையிலோ சக்கரத்திலோ காலை ஊன்றிச் சமாளிக்கக் கூடாது. ஊன்றினால் பாயிண்ட் போகும். வீட்டில் வீல்சேரை ஒற்றைக் காலால் உந்திக்கொண்டு சமையற்கட்டுக்கும் வாசலுக்கும் போய்ப் பழகியவர்கள் நிறையப் பேர். அந்தக் கால் கோர்ட்டிலும் தானாக இறங்கும். கையால் சக்கரத்தைத் தள்ளவே இயலாதவர்களுக்கு மட்டும் ஒரு காலால் உந்த விதி அனுமதிக்கிறது. அவர்களும் ராக்கெட் முன்னோக்கி வீசப்படுகிற நேரத்திலும், சர்வ் போடத் தொடங்கியதில் இருந்து பந்தைத் தொடும் வரையிலும் காலைத் தரையில் வைக்கக் கூடாது. மற்ற எல்லாரும் பாதத்தை ஃபுட்ரெஸ்ட்டோடு கட்டிவிடுங்கள்.

ஐந்தாவது, சர்வ். போடுவதற்கு முன் வண்டி அசையாமல் நிற்க வேண்டும். பிறகு பந்தை அடிப்பதற்குள் ஒரே ஒரு தள்ளு தள்ளலாம். அடித்து முடிக்கும் வரை எந்தச் சக்கரமும் கோர்ட்டின் கடைசிக் கோடான பேஸ்லைனைத் தொடக் கூடாது. நடுக்குறிக்கும் பக்கக் கோட்டுக்கும் இடைப்பட்ட பகுதியைத் தாண்டவும் கூடாது. "எந்தச் சக்கரமும்" என்பதில் முன்னால் இருக்கிற சின்னச் சக்கரமும் சேர்த்தி. அது ஒரு குறும்புக்காரச் சக்கரம். வண்டியைப் பின்னால் இழுத்து நிறுத்தினால் அது முன்பக்கம் திரும்பிக்கொள்ளும். முன்னால் தள்ளியதும் அரைவட்டம் அடித்துப் பின்பக்கம் வரும். அந்த அரைவட்டத்தில் வண்டியின் மூக்கு கொஞ்சம் ஆடும். அதனால் கோட்டை ஒட்டி நிற்காமல் ஒரு முழம் தள்ளி நின்று தொடங்குங்கள். தலைக்கு மேலே தூக்கிப்போட்டு அடிக்க வரவில்லை என்றால் கீழ்க்கையால் தட்டி சர்வ் போடலாம். அது சாதாரண டென்னிஸிலும் செல்லும், யாரும் குறை சொல்ல முடியாது.

குவாட் பிரிவு என்று ஒன்று தனியாக உண்டு. கால்களோடு கையிலும் கணிசமாகச் செயலிழந்தவர்களுக்கானது, பாராலிம்பிக்ஸில் 2004 ஏதென்ஸில் சேர்ந்தது. ஆண், பெண் இருவரும் ஒரே பிரிவில் ஆடுவார்கள். இங்கே மோட்டார் வீல்சேருக்கு அனுமதி உண்டு. விரல் மடங்காதவர்கள் ராக்கெட்டைக் கையோடு டேப் சுற்றிக் கட்டிக்கொள்வார்கள். வழக்கமான முறையில் சர்வ் போட உடல் ஒத்துழைக்காதவருக்கு வேறொருவர் பந்தைக் கீழே விடலாம், அது எழும்பியதும் அவர் அடிக்கலாம். ஒருமுறை அப்படித் தொடங்கினால் எல்லா சர்வும் அப்படியே போட வேண்டும். கழுத்தில் அடிபட்டவர்கள் "எனக்கு இது ஆகாது" என்று ஒதுங்குவதற்கு முன் ஆஸ்திரேலியாவின் டிலன் ஆல்காட் ஆடிய வீடியோக்களைப் பார்க்கலாம். 2021இல் ஒரே ஆண்டில் நான்கு கிராண்ட்ஸ்லாமும் பாராலிம்பிக் தங்கமும் ஜெயித்தவர் அவர், குவாட் பிரிவில்தான்.

படி ஒன்று: உடம்பு

கோர்ட்டுக்குப் போகும் முன் பிசியோவிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். பாகாயம் மறுவாழ்வு மையத்தில் பயிற்சி எடுத்தவர்களுக்கு இதெல்லாம் பாடமாகச் சொல்லியிருப்பார்கள், ஆனாலும் விளையாட்டு என்றதும் மறந்துவிடும்.

முக்கியமானது புண். உணர்வில்லாத இடத்தில் ஒரு மணி நேரம் குலுங்கி உட்கார்ந்தால் தோல் உரிந்தது தெரியாது. குஷன் இல்லாமல் ஆடவே வேண்டாம். ஒவ்வொரு முறை சைடு மாற்றும்போதும் கைகளை ஊன்றி உடம்பைத் தூக்கிச் சில நொடிகள் வைத்திருங்கள். வீட்டுக்குப் போனதும் கண்ணாடி வைத்து அந்த இடத்தைப் பாருங்கள். சிவந்த இடம் அரை மணி நேரத்தில் மறையவில்லை என்றால் அது முழுதாகச் சரியாகும் வரை ஆட்டத்துக்கு லீவு.

அடுத்தது வெயில். நம் ஊரை "வெயிலூர்" என்று கேலி செய்வது சும்மா இல்லை. முதுகுத்தண்டில் மேல்பகுதியில் அடிபட்டவர்களுக்கு அடிபட்ட மட்டத்துக்குக் கீழே வியர்க்காது, உடம்பு சூட்டை வெளியேற்ற வழியில்லை. மற்றவர்கள் வியர்த்துக் களைக்கிற நேரத்தில் இவர்கள் வியர்க்காமலே மயங்குவார்கள். சித்திரை, வைகாசியில் காலை ஆறு மணிக்குத் தொடங்கி ஏழரைக்குள் முடித்துவிடுங்கள். செடிக்குத் தெளிக்கிற ஸ்ப்ரே பாட்டிலில் தண்ணீர் நிரப்பி முகத்திலும் கையிலும் அடித்துக்கொண்டே இருங்கள், கழுத்தில் ஈரத்துண்டு போடுங்கள். தண்ணீர் குடிப்பது மட்டும் போதாது. சாயங்காலம் நான்கு மணிக்குப் போனால் சிமெண்டு கோர்ட் அடுப்பு மாதிரி கக்கும், இரும்பு ரிம் கையைச் சுடும்.

மூத்திரப் பை நிரம்பியிருந்தாலோ பெல்ட் இறுக்கமாக இருந்தாலோ, மார்பின் நடுப்பகுதிக்கு மேலே அடிபட்டவர்களுக்கு ரத்த அழுத்தம் திடீரென்று எகிறலாம். மண்டை பிளக்கிற தலைவலி, முகம் சிவப்பது, மேல் உடம்பில் மட்டும் குப்பென்று வியர்ப்பது அதன் அடையாளம். உடனே நிமிர்ந்து உட்காருங்கள், பெல்ட்டைத் தளர்த்துங்கள், பையைக் காலி செய்யுங்கள். அடங்கவில்லை என்றால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரி. கூட வருகிறவருக்கும் இதைச் சொல்லி வைத்திருக்க வேண்டும்.

படி இரண்டு: வண்டி

ஆஸ்பத்திரியில் கொடுக்கிற மடக்கு வீல்சேரில் மேட்ச் ஆட முடியாது. ஆனால் ஆசை இருக்கிறதா என்று பார்க்க முதல் சில நாள் போதும். பக்கவாட்டுக் கைப்பிடி கழற்றக்கூடியதாக இருந்தால் கழற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ராக்கெட் இடிக்கும். பின்னால் சாயாமல் இருக்கச் சின்னச் சக்கரம் வைத்த ஒரு கம்பியை வெல்டிங் பட்டறையில் சொல்லிப் பொருத்தலாம். அது இல்லாமல் சர்வ் போடாதீர்கள். மேலே பார்த்து வீசும்போது வண்டி மல்லாந்தால் பின்மண்டைதான் முதலில் தரையில் படும்.

டென்னிஸுக்கென்றே செய்த வண்டி வேறு ஜாதி. மடங்காது, பிரேக் இருக்காது, பெரிய சக்கரங்கள் இரண்டும் மேலே நெருங்கி, கீழே அகன்று சாய்ந்திருக்கும். அந்தச் சாய்வு இருபது டிகிரி வரை போகும். அதனால்தான் சட்டென்று திரும்பினாலும் கவிழாது, திருப்புவதற்கும் லேசு. உங்கள் இடுப்பளவுக்குச் செய்தது என்றால்தான் பயன். சீட்டில் இரண்டு பக்கமும் கை நுழைகிற இடைவெளி இருந்தால் நீங்கள் திரும்புவீர்கள், வண்டி திரும்பாது. விலை அதிகம் என்பதால் புதிதாக வாங்க அவசரப்பட வேண்டாம். வேறொருவர் பயன்படுத்திய வண்டி கிடைத்தால் முதலில் சீட் அகலத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள்.

பெல்ட்டுக்கு வெளியூர் தேட வேண்டியதே இல்லை. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை என்று தோல் வேலையில் ஊறிய ஊர்கள் பக்கத்திலேயே இருக்கின்றன. செருப்பு தைக்கிறவரிடம் இரண்டங்குல அகல வெல்க்ரோ பட்டையும் அளவும் கொடுத்தால் இடுப்புக்கு ஒன்று, தொடைக்கு ஒன்று, பாதத்துக்கு ஒன்று தைத்துக் கொடுத்துவிடுவார். உள்பக்கம் மெத்தென்ற துணி வைக்கச் சொல்லுங்கள். தையல் முனையோ உலோக வளையமோ தோலில் படக் கூடாது.

டயரில் காற்று எப்போதும் முழுசாக இருக்க வேண்டும், எவ்வளவு என்பது டயர் ஓரத்திலேயே எழுதியிருக்கும். விளையாட்டு வண்டிகள் பலவற்றில் வால்வு மெல்லியதாக, உச்சியில் சின்னத் திருகோடு இருக்கும். நம் சைக்கிள் கடை பம்பு அதற்குப் பொருந்தாது. ஒரு சின்னப் பித்தளை அடாப்டர் வாங்கிச் சாவிக்கொத்தில் மாட்டிவிடுங்கள்.

படி மூன்று: கோர்ட்

சிமெண்டு அல்லது ஹார்ட் கோர்ட் தேடுங்கள். மண் கோர்ட்டில் சக்கரம் புதையும், ஆரம்பக்காரர் தோளுக்கு அது தண்டனை. காட்பாடி, சத்துவாச்சாரி என்று எங்கே கிடைத்தாலும் முதலில் பந்தோடு போகாதீர்கள், டேப்போடு போங்கள். கேட் அகலம் எவ்வளவு? சாய்ந்த சக்கர வண்டி கீழே சாதாரண வீல்சேரைவிட அகலம். வாசலில் படி இருக்கிறதா, கம்பி இருக்கிறதா? பேஸ்லைனுக்குப் பின்னால் எவ்வளவு இடம்? நல்ல கோர்ட்டில் பின்னால் 6.40 மீட்டர், பக்கத்தில் 3.66 மீட்டர் விட்டிருப்பார்கள். நாம் ஆடுவதே பேஸ்லைனுக்கு இரண்டு மூன்று மீட்டர் பின்னால் இருந்துதான் என்பதால், பின்னால் சுவர் ஒட்டியிருக்கிற கோர்ட் ஆகாது. டாய்லெட்டையும் பார்த்துவிடுங்கள். கதவு உள்பக்கம் திறந்தால் வீல்சேரோடு உள்ளே போய்ச் சாத்த முடியாது.

"சக்கரம் பட்டா கோர்ட் கெட்டுடும்" என்று பொறுப்பாளர் சொல்லக்கூடும். காற்றடித்த டயர் கோர்ட்டைக் கெடுக்காது. கோர்ட்டைக் கீறுவது தாழ்வாகத் தொங்கும் ஃபுட்ரெஸ்ட் இரும்புதான். அதன் அடியில் ரப்பரோ டேப்போ ஒட்டிக் காட்டிவிட்டுப் பேசுங்கள். அப்புறமும் முகம் சுளித்தால், இந்த ஊரில் வீல்சேர் புதுசா என்று கேளுங்கள். 1954இல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்ட டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்த ஊர் இது. அவர் முன்னின்று தொடங்கிய மறுவாழ்வு மையம் பாகாயத்தில் 1966 முதல் இயங்குகிறது. கோர்ட் வாசலில் ஒரு பலகையைச் சாய்த்துப் போடுவது அவ்வளவு கஷ்டமான காரியம் இல்லை.

படி நான்கு: பந்து இல்லாமல் இரண்டு வாரம்

இதைச் சொன்னால் எல்லாரும் சலித்துக்கொள்வார்கள். ஆனால் வீல்சேர் டென்னிஸில் பாதிக்கு மேல் வண்டி ஓட்டுவதுதான். அதுவும் கையில் ராக்கெட்டை வைத்துக்கொண்டு. ராக்கெட்டைத் தொடையில் வைத்துவிட்டுத் தள்ளுகிற பழக்கம் வந்தால் பிறகு போகாது. கைப்பிடியைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் விட்டு, பிடியை ரிம்மோடு சேர்த்து அழுத்தி உள்ளங்கை அடிப்பகுதியால் தள்ள வேண்டும். முதல் வாரம் அந்தக் கைப்பக்கம் வண்டி இழுத்துக்கொண்டே போகும். மற்றக் கையின் பலத்தைக் குறைத்துச் சமன் செய்யாதீர்கள், ராக்கெட் கையின் பலத்தைக் கூட்டுங்கள். கட்டை விரலுக்கும் உள்ளங்கைக்கும் டேப் சுற்றுங்கள், இல்லாவிட்டால் மூன்றாம் நாள் கொப்புளம்.

தண்ணீர் பாட்டில்கள் இரண்டை நாலு மீட்டர் இடைவெளியில் வைத்து எட்டு போடுங்கள். நேராகத் தள்ளி, நிறுத்தி, மறுபடி தள்ளுங்கள். இரண்டாவது தள்ளில்தான் வண்டி வேகம் எடுக்கும். நின்ற வண்டியை நகர்த்துவதற்குத்தான் தோள் அதிகம் செலவாகும், ஆகவே எதிராளி அடிக்கிற நேரத்தில் நீங்கள் நிற்கவே கூடாது. மெதுவாகவாவது உருண்டுகொண்டே இருங்கள். அடித்து முடித்ததும் நடுவுக்குப் பின்னால் உள்ள உங்கள் இடத்துக்குத் திரும்புவதில் இரண்டு வழி உண்டு. நெட்டைப் பார்த்தபடி உள்பக்கம் திரும்பினால் பந்து கண்ணை விட்டு மறையாது, ஆனால் நெட்டை நெருங்கிவிடுவீர்கள். நெட்டுக்கு ஒரு நொடி முதுகைக் காட்டி வெளிப்பக்கம் சுற்றினால் பின்னால் இடம் கிடைக்கும், அடுத்த பந்தை முன்னேறி வந்து அடிக்கலாம். முதுகைக் காட்டப் பயமாக இருக்கும். இரண்டையும் பழகுங்கள், ஆனால் பேஸ்லைன் ஆட்டத்துக்கு வெளிச்சுற்று என்பதுதான் என் கட்சி.

படி ஐந்து: பந்தோடு

ஆரஞ்சுப் புள்ளி போட்ட பயிற்சிப் பந்து வாங்குங்கள், அது சாதாரணப் பந்தின் பாதி வேகத்தில் வரும். முதலில் சர்வீஸ் கட்டங்களுக்குள் மட்டும் ஆடுங்கள், நெட்டில் இருந்து 6.40 மீட்டர்தான். கூட ஆடுகிறவரிடம் ஒன்றைக் கறாராகச் சொல்லிவிடுங்கள். பாவம் பார்த்து உங்கள் மடியை நோக்கிப் பந்து போட வேண்டாம். நேரே உடம்புக்கு வருகிற பந்துதான் நமக்கு ஆகக் கஷ்டம். நகர்ந்து வழிவிட முடியாது, ராக்கெட்டை வீசவும் இடம் இருக்காது. இரண்டு தள்ளு தூரத்தில் போடச் சொல்லுங்கள்.

மிச்சப் பந்துகளைச் சக்கரக் கம்பிகளுக்கு நடுவில் செருகி வைத்துக்கொள்ளலாம். பந்து பொறுக்க ஆள் இல்லாத கோர்ட்டில் அது பெரிய உபகாரம்.

படி ஆறு: முதல் மேட்ச்

நின்று ஆடுகிற ஒருவரோடு சிங்கிள்ஸ், இல்லாவிட்டால் ஒரு பக்கத்துக்கு ஒரு வீல்சேரும் ஒரு நடக்கிறவருமாக டபுள்ஸ். அவருக்கு ஒரு பிட்ச், உங்களுக்கு இரண்டு. டபுள்ஸில் யார் அடிக்கிறாரோ அவருக்கான கணக்கு. பார்ட்னருக்கு இரண்டு பிட்ச் ஒட்டிக்கொள்ளாது. "இன்னாண்ணா, உனக்கு மட்டும் ரெண்டா?" என்று வேலிக்கு வெளியே நின்று சின்னப் பையன்கள் கேட்பார்கள். ஒரு பழைய வீல்சேர் இருந்தால் அதில் உட்காரவைத்து ஒரு ராக்கெட்டையும் கொடுத்துவிடுங்கள்.

எதிராளி டிராப் ஷாட் போட்டு, பந்தை நெட்டை ஒட்டி மெதுவாக விழவைத்தால் கோபப்பட வேண்டாம், விதிப்படி சரிதான். ஆனால் பழகும் மாதத்தில் வேண்டாம் என்று பேசி வைத்துக்கொள்ளலாம். ஒரு செட் முழுசாக ஆடாமல், முதலில் நான்கு கேம் வரை ஆடுங்கள். மறுநாள் தோளின் முன்பக்கம் வலித்தால் இரண்டு நாள் ஓய்வு கொடுங்கள். நமக்குத் தோள்தான் காலும். கட்டிலுக்கு ஏறவும் டாய்லெட்டுக்கு மாறவும் அதுதான் வேண்டும், அதைக் கோர்ட்டில் கொண்டுபோய்த் தொலைக்கக் கூடாது.

போட்டிக்குப் போகும் ஆசை வந்தால் தகுதி விதியைப் பாருங்கள். ஒரு காலிலாவது கணிசமான, நிரந்தரமான செயலிழப்பு இருக்கிறது என்று மருத்துவ ஆவணம் வேண்டும். தினமும் வீல்சேரில் இருப்பவர்தான் ஆடலாம் என்றில்லை. ஊன்றுகோலில் நடக்கிறவரும், செயற்கைக்கால் போட்டவரும் கோர்ட்டில் வண்டியில் உட்கார்ந்து ஆடலாம். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே ரிப்போர்ட் எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டு வையுங்கள். பெங்களூரில் தேசிய, சர்வதேசப் போட்டிகள் நடந்திருக்கின்றன. காட்பாடியில் ரயில் ஏறினால் சில மணி நேரம்தான். ஏறும்போது பெரிய சக்கரங்களைக் கழற்றி, அச்சில் துணி சுற்றி, ஒரே கோணியில் கட்டுங்கள். மாற்று டியூப் இரண்டு, ஆலன் சாவி, அந்தப் பித்தளை அடாப்டர் மூன்றும் கைப்பையில் இருக்கட்டும், கோணியில் வேண்டாம்.